அளவு ஜாக்கெட்

ஸ்ரீவில்லிபுத்தூர்
7 ஜூலை 2025

அன்புள்ள இர்ஃபானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மூட்டுவலி ஒன்றைத் தவிர எனக்குக் குறை எதுவும் இல்லை. தையல் மிஷினில் குனிந்து குனிந்து வந்த உன் முதுகுவலி எப்படி இருக்கிறது?

முதலில் ஒரு திருத்தம். ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டு எதிரில் நீ உன் படத்தோடு வைத்திருக்கும் விளம்பரப் பலகையைப் பார்த்ததும் நான் முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு, பாதி வழியிலேயே பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டதாக நம் தெருவில் பேசிக்கொள்கிறார்கள். அது உண்மை இல்லை. நான் இறங்க வேண்டிய இடமே அதுதான். முக்காட்டைச் சரிசெய்தது காற்றுக்காக. பக்கத்தில் நின்ற பெண்ணிடம் நான் சொன்னது ஒன்றுதான்: பின்னால் அடித்திருக்கும் ஊதா நிறத்தில் துணி எடுபடவில்லை. எனக்கு எழுபத்தைந்து வயது என்றும் சொல்கிறார்களாம். எழுபத்தொன்று.

போனில் பேசினால் பாதி எனக்குக் கேட்பதில்லை. கேட்காததற்குத் தலையாட்டும் பழக்கமும் எனக்கு இல்லை. ஆகவே கடிதம் எழுதுகிறேன். நீயும் எழுது.

கிருஷ்ணன்கோவில் ஊரில் பார்த்த சம்பந்தம் முடிவாகிவிட்டது. செப்டம்பர் பதினான்கு, ஞாயிறு. மாப்பிள்ளையின் தாயார் செய்யதம்மாள் கல்லூரிப் பிள்ளைகளுக்கு மெஸ் நடத்தி நடத்திக் குரல் சற்று உரத்துப்போனவர். மற்றபடி மரியாதை தெரிந்த குடும்பம். உன்னைப் பெற்ற அத்தா இருந்து செய்ய வேண்டியதை நான் செய்கிறேன். ஒன்பது வயதில் என் வீட்டுக்கு வந்தவள் நீ.

கல்யாணச் சேலையோடு ஜாக்கெட்டையும் மாப்பிள்ளை வீட்டார்தான் தைத்துக் கொண்டுவர வேண்டும். அளவுக்கு உன்னுடையது ஒன்றைக் கேட்டிருக்கிறார்கள். என்னிடம் வாங்கிக்கொள்ள வருகிறார்கள். தையல் தொழில் வைத்திருக்கிறேன், நானே தைத்துக்கொள்கிறேன் என்று சொல்லாதே. வழக்கம் வழக்கம்தான். அனுப்பிவை.

துஆவுடன்,
உன் மாமி
மைமூன் ஜெய்னுலாப்தீன்


ராஜபாளையம்
13 ஜூலை 2025

அன்புள்ள மாமிக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். முதுகு பரவாயில்லை. நீங்கள் மூட்டுக்குத் தைலம் போடுவதில்லை என்று எனக்குத் தெரியும். வாசனை பிடிக்காது என்பீர்கள். போடுங்கள்.

முக்காட்டுக் கதை இங்கே வேறு மாதிரி வந்தது. பலகையைக் கண்டதும் நீங்கள் மயங்கி விழுந்ததாகவும் கண்டக்டர் தண்ணீர் தெளித்ததாகவும் எங்கள் கடையில் கட்டிங் பார்க்கும் செல்வலட்சுமி கேட்டுக்கொண்டு வந்தாள். “எங்க மாமி மயங்குற ஆளு இல்ல, மத்தவங்கள மயக்கம் போட வைக்கிற ஆளு” என்று சொல்லி அனுப்பினேன்.

ஊதா நிறம் தப்புதான். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் படத்தில் நான் நின்றது தப்பில்லை, மாமி. சென்னையிலிருந்து வந்த போட்டோக்காரர், நாங்கள் தைத்த பெரிய அளவுச் சுடிதாரை ஓர் ஒல்லிப் பெண்ணுக்குப் போட்டுவிட்டு, முதுகுப் பக்கம் வரிசையாகக் கிளிப் மாட்டினார். முன்னால் பார்த்தால் சினிமா நட்சத்திரம்; பின்னால் பார்த்தால் கொடியில் காயப்போட்ட துணி. அந்தப் படத்தைப் பார்த்து வாங்குகிறவள் வீட்டுக்குப் போய்க் கண்ணாடி முன்னால் நின்று அழுவாள். அதனால்தான் நானே நின்றேன். “ஏக்கா, டேப்பப் பாத்துப் பயப்படாதிய, அது என்ன பாம்பா? உள்ள அளவச் சொல்லுங்க, உடம்புக்குத் தக்கன தச்சுத் தாரோம்” என்று வீடியோவில் சொல்கிறேன் அல்லவா, ‘தாராளம்’ என்ற என் கடைக்கு அந்த ஒரு பேச்சுதான் முதல். அதை நம்பித்தான் தேனியிலிருந்தும் தென்காசியிலிருந்தும் ஆர்டர் வருகிறது.

மாப்பிள்ளை நஸ்ருதீனை நீங்கள் பார்த்தீர்கள். ஊதினால் பறப்பார். அவர் வீட்டில் என்னைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று அவரிடமே கேட்டேன். “காத்தடிச்சா எனக்குப் புடிச்சுக்கிட ஆள் வேணும்லன்னு நானே சொல்லிட்டேன், பொறவு யாரும் வாயத் தொறக்கல” என்கிறார்.

அளவு ஜாக்கெட்டை இத்துடன் பார்சல்லில் அனுப்பியிருக்கிறேன். போன மாதம் தைத்தது. இன்றைய உடம்புக்குச் சரியாக நிற்கும். மாமி, அதை அப்படியே கொடுத்துவிடுங்கள். கொடுக்கும்போது சமாதானம் எதுவும் சொல்ல வேண்டாம்.

உங்கள்
இர்ஃபானா


ஸ்ரீவில்லிபுத்தூர்
4 ஆகஸ்ட் 2025

அன்புள்ள இர்ஃபானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உடல்நலத்துக்குக் குறைவில்லை. ஆடிப்பூரத் தேர்க் கூட்டத்தில் தபால்காரர் எங்கள் பக்கம் தலைகாட்டவே இல்லை, ஆகவே தாமதம். ‘பார்சல்’ என்பதில் நீ இரண்டு ‘ல்’ போட்டிருக்கிறாய்.

சனிக்கிழமை செய்யதம்மாளும் அவர் மகள் நௌஷீனும் வந்தார்கள். பால்கோவா வாங்கி வைத்திருந்தேன். வேலைக்கு வரும் மாடத்தி அதைத் தட்டில் வைக்கச் சொன்னால் எவர்சில்வர் டப்பாவோடு கொண்டுவந்து வைத்தாள். போகட்டும்.

ஜாக்கெட்டை ஒப்படைத்துவிட்டேன். நௌஷீன் பையிலிருந்து எடுத்து, விரித்து, இரு கையிலும் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். அப்படித்தான் பார்ப்பார்கள் என்று எனக்கு முன்பே தெரியும். “யம்மா, படத்துல பாக்கத்தான் மதினி அம்புட்டுப் பெருசாத் தெரியுதாக. நேர்ல அப்படி இல்ல போல” என்றாள். செய்யதம்மாள், “எல்லாம் கேமரா பண்ணுத வேலைட்டி” என்றார். இருவருக்கும் சந்தோஷம். எனக்கும் ஒரு பாரம் இறங்கியது.

கல்யாணத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. இரவில் சோற்றை விட்டுவிட்டுக் கஞ்சி குடி. என் கல்யாண ரவிக்கை இன்றைக்கும் எனக்குச் சேர்கிறது என்பதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. கட்டுப்பாடு இருந்தால் முடியும் என்பதற்காகச் சொல்கிறேன்.

துஆவுடன்,
மைமூன் ஜெய்னுலாப்தீன்


ராஜபாளையம்
12 ஆகஸ்ட் 2025

அன்புள்ள மாமிக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். நலம். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன்.

நௌஷீன் சொன்னது எனக்குப் புரியவில்லை. அந்த ஜாக்கெட்டைத் தூக்கிப் பிடித்துப் பார்த்த யாரும் அப்படிச் சொல்ல வழியில்லை. செல்வலட்சுமி அதைத் தேய்த்து மடிக்கும்போது, “யக்கா, இதுல எங்க வீட்டு ஜன்னலுக்குத் திரை போட்டுரலாம்” என்று சிரித்தாள். நானும்தான் சிரித்தேன். அவர்கள் கைக்குப் போனது நான் அனுப்பியதுதானா? பையில் வேறு துணி எதுவும் கலந்துவிட்டதா? ஒருமுறை சரிபார்த்து எழுதுங்கள். நௌஷீனிடம் நானே கேட்கலாம். ஆனால் நீங்கள் கொடுத்ததை நான் சந்தேகப்பட்டுக் கேட்டதாக ஆகிவிடும். உங்களுக்கு அது பிடிக்காது.

நேற்று ஒரு டீச்சர் கடைக்கு வந்தார். துணி மாற்றும் அறைக்குள் போனவர் வெளியே வரவே இல்லை. உடம்புக்கு என்னவோ என்று கதவைத் தட்டினேன். “ஒண்ணுமில்லம்மா, ஜிப்பு ஏறிருச்சு” என்றார். அழுதுகொண்டிருந்தார்.

கஞ்சி எனக்குச் சேராது மாமி. இரவில் பசித்தால் எனக்குத் தூக்கம் வராது. தூங்காவிட்டால் மறுநாள் யாரையாவது கடித்துவைப்பேன்.

உங்கள்
இர்ஃபானா


ஸ்ரீவில்லிபுத்தூர்
2 செப்டம்பர் 2025

அன்புள்ள இர்ஃபானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பதில் எழுதத் தாமதமானதற்கு வேலைதான் காரணம். உடம்புக்கு ஒன்றும் இல்லை.

அழைப்பிதழில் ‘இன்ஷா அல்லாஹ்’ என்பதைப் பிரித்துப் பிரித்து அடித்திருந்தான் அச்சகத்துக்காரன். திருப்பிக் கொடுத்து மறுபடி அடிக்க வைத்தேன். மண்டபத்தில் பெண்கள் பக்கம் மின்விசிறி போதாது. பேசிவிட்டேன். பிரியாணிக்குச் சீரகச் சம்பா என்று சொல்லியிருக்கிறேன்.

அளவைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். எந்தத் தையற்காரரும் உள்பக்கம் துணி விட்டுத்தான் தைப்பார். வேண்டுமானால் பிரித்துக்கொள்ளலாம். இது உனக்குத் தெரியாததா?

இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று சும்மா சொல்லவில்லை. கொள்ளு வறுத்துப் பொடித்து டப்பாவில் அனுப்பியிருக்கிறேன். காலையில் வெந்நீரில் கலந்து குடி.

துஆவுடன்,
மைமூன் ஜெய்னுலாப்தீன்


ராஜபாளையம்
28 செப்டம்பர் 2025

அன்புள்ள மாமிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் இருவரும் நலம். நீங்களும் நலமாக இருக்க துஆ செய்கிறேன்.

விருந்துகள் முடிந்தன. கடை மாடியிலேயே குடித்தனம் வைத்துவிட்டோம். கல்யாண வேலைகளில் நீங்கள் பட்ட சிரமத்துக்கு நன்றி. கொள்ளு டப்பாவைக் கழுவித் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
இர்ஃபானா


ஸ்ரீவில்லிபுத்தூர்
9 அக்டோபர் 2025

அன்புள்ள இர்ஃபானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். டப்பா வந்து சேர்ந்தது. நீ ‘உங்கள் இர்ஃபானா’ என்று எழுதாமல் ‘இப்படிக்கு’ என்று எழுதியிருப்பதைக் கவனித்தேன். மனுவில் எழுதுவது அப்படி.

கல்யாணத்தன்று நடந்ததை ஊர் பலவிதமாகப் பேசுகிறது. நான் கண்ணால் பார்த்ததை எழுதுகிறேன். நிக்காஹ் ஓதி முடிந்தது. மாப்பிள்ளை வீட்டுச் சேலையை உடுத்திப் பெண்ணை வெளியே அழைத்துவர வேண்டும். நௌஷீன் புது ஜாக்கெட்டை நீட்டினாள். அது உன் முழங்கைக்கு மேல் ஏறவில்லை. பிரித்துவிடப் பார்த்தார்கள்; உள்ளே விட்டிருந்த துணி ஒரு விரல் அகலம்கூட இல்லை. செல்வலட்சுமி ஆட்டோவில் கடைக்கு ஓடி வேறொன்று எடுத்துவரும்வரை நீ தாவணியைப் போர்த்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாய். வெளியே ஜனம் காத்திருந்தது. செய்யதம்மாள் உள்ளே வந்து, அத்தனை பெண்கள் முன்னால், “ஊருக்கெல்லாம் உள்ள அளவச் சொல்லு சொல்லுன்னு வீடியோ போடுத. உனக்குன்னு வந்தா மட்டும் சின்ன ஜாக்கெட்டா? எங்கள ஏமாத்தவா?” என்று கேட்டார்.

நீ, “நான்தான் அனுப்பினேன்மா. தெரியாம பழச வச்சிட்டேன்” என்றாய்.

அப்போது நான் கதவோரம் நின்றிருந்தேன். நீ என்னைப் பார்க்கவில்லை. ஏன் அப்படிச் சொன்னாய்? தவறு எங்கே, எப்படி நேர்ந்தது என்று இப்போது ஆராய்வதில் பயனில்லைதான். ஆனாலும் நீ அப்படிச் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

மூட்டுக்குத் தைலம் போடத் தொடங்கிவிட்டேன்.

துஆவுடன்,
மைமூன் ஜெய்னுலாப்தீன்


ஸ்ரீவில்லிபுத்தூர்
11 நவம்பர் 2025

அன்புள்ள இர்ஃபானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். என் முந்தைய கடிதம் கிடைத்ததா? மழைக் காலத்தில் தபால் தவறுவதும் உண்டு என்பதால் கேட்கிறேன். இங்கு இருமல் இருந்தது. இப்போது இல்லை.

மாடத்தி தன் மகள் போனில் உன் வீடியோவைக் காட்டினாள். அதன் கீழே யார் யாரோ எழுதியிருந்ததை அவளே படித்தும் காட்டினாள். “யக்கா ஒங்க கல்யாண ஜாக்கெட் என்ன சைஸு” என்று ஒருத்தி. “ஊருக்குத்தான் உபதேசம்” என்று இன்னொருத்தி. “எங்கிட்டுப் பாத்தாலும் இதே பேச்சுத்தான் ஆச்சி. அந்தப் பிள்ள பாவம்” என்றாள் மாடத்தி. அந்த வீடியோவுக்குப் பிறகு நீ ஒன்றும் போடவில்லையாம்.

நேற்று ராஜபாளையம் கண் மருத்துவமனைக்கு வந்தேன். பஸ் ஸ்டாண்டு எதிரில் பலகை மாறியிருந்தது. உன் படம் இல்லை. யாரோ ஓர் ஒல்லிப் பெண் நிற்கிறாள். அவள் முதுகில் கிளிப் மாட்டியிருக்கிறார்களா என்று எட்டிப் பார்க்கத் தோன்றியது. பலகையில் முதுகு ஏது?

உன் கடை அங்கிருந்து ஒரு தெரு தள்ளித்தான். வரவில்லை. நீ அழைக்கவில்லை.

துஆவுடன்,
மைமூன் ஜெய்னுலாப்தீன்


ராஜபாளையம்
20 டிசம்பர் 2025

அன்புள்ள மாமிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இருமலை அலட்சியம் செய்யாதீர்கள். நான் நலம்.

இரண்டு கடிதங்களும் கிடைத்தன. ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டிருந்தீர்கள்.

கல்யாணத் துணிகளோடு அளவு ஜாக்கெட்டையும் மடித்துத் திருப்பிக் கொண்டுவருவார்கள் என்பதை நீங்கள் மறந்துவிட்டீர்கள். மேலேயே இருந்தது. பச்சைப் பூப்போட்டது. கல்லூரி முதல் வருஷம் பெருநாளுக்கு உங்கள் மிஷினில் நான் தைத்தது. நானாகத் தைத்த முதல் ஜாக்கெட். இடது கையில் கோணல் விழுந்து, நீங்கள் மூன்று தடவை பிரிக்க வைத்தீர்கள். அது உங்கள் பீரோவைத் தவிர வேறெங்கும் இல்லை.

புது ஜாக்கெட் சேராது என்று போட்டுப் பார்க்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. எல்லோரும் இழுத்துக்கொண்டிருந்தபோது நான் யோசித்தது வேறு. நீங்கள் செய்தது என்று சொன்னால், இவளை வளர்த்தவளுக்கே இவளைப் பார்த்து வெட்கம் என்று அந்த அறையில் அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். அதைவிடப் பொய்க்காரி என்ற பேர் எனக்கு லேசாக இருந்தது. அதுதான் காரணம்.

லேசாக இருக்கும் என்று நினைத்தேன். இப்போது கேமரா முன்னால் நின்று “உள்ள அளவச் சொல்லுங்க” என்று ஆரம்பிக்கிறேன்; முடிக்கும் முன்பே அதை அணைத்துவிடுகிறேன். நஸ்ருதீன் உண்மையைச் சொல்லு என்கிறார். அவர் அம்மா முகம் கொடுத்துப் பேசுவதில்லை. வேறு வழியில்லாமல்தான் அந்த ஒல்லிப் பெண்ணின் படம். முதுகில் கிளிப் உண்டு. நானே மாட்டினேன்.

கோபம் இல்லை மாமி. இன்னொரு கடிதம் எழுத இப்போது என்னால் முடியாது.

இர்ஃபானா


ஸ்ரீவில்லிபுத்தூர்
29 ஜனவரி 2026

அன்புள்ள இர்ஃபானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். என் உடம்பைப் பற்றி எழுத இது சமயமில்லை. நீ நலமாக இருக்க வேண்டும்.

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். எழுதியவை எல்லாம் என் பக்கத்து நியாயமாகவே இருந்தன. பள்ளியில் சிஸ்டர் பெர்னதெத் இப்படிப்பட்ட கட்டுரையைச் சிவப்பு மையால் குறுக்கே அடித்துத் தருவார். கிழித்துவிட்டேன். எழுதுவதைவிடப் போவது மேல் என்று திங்கட்கிழமை கிருஷ்ணன்கோவில் போனேன்.

மதியச் சாப்பாட்டு நேரம். மெஸ்ஸில் கூட்டம். செய்யதம்மாள் சாம்பார் வாளியோடு நின்றார். நௌஷீன் இலை போட்டுக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னார்கள். நின்றுகொண்டே சொன்னேன். இர்ஃபானா சரியான ஜாக்கெட்டைத்தான் அனுப்பினாள், அதை எடுத்து வைத்துவிட்டுப் பழையதைக் கொடுத்தது நான், அவளுக்கு ஒன்றும் தெரியாது. எனக்குக் காது மந்தம் அல்லவா, சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. பிள்ளைகள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

செய்யதம்மாள் வாளியைக் கீழே வைத்தார். “ஏன் அப்படிச் செஞ்சிய?”

“நீங்க விரிச்சுப் பாத்துச் சிரிப்பீங்கன்னு நெனச்சேன்.”

“சிரிச்சிருப்போம்” என்றார். “இந்தா நிக்காளே, இவ விழுந்து விழுந்து சிரிச்சிருப்பா. ஒருநாச் சிரிப்பு. பொறவு தச்சிருப்போம்ல?”

நௌஷீன் தலையைக் குனிந்துகொண்டாள். அதன் பிறகுதான் நான் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

செய்யதம்மாள், “நானும் அத்தன பேரு முன்னால அந்தப் பிள்ளயப் பேசிட்டேன். நான் பேசுனத நான் பாத்துக்கிடுதேன். ஆனா இத எங்கிட்ட வந்து சொல்லுதியளே, அவகிட்டச் சொன்னியளா?” என்றார்.

ஆகவே உன்னிடம் சொல்கிறேன். அவர்கள் உன்னைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்று பயந்து அப்படிச் செய்ததாகத்தான் இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் திருத்த வேண்டியதே. அவர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்று பயந்தேன். பிள்ளையை இப்படி வளர்த்திருக்கிறாளே என்று கேட்டுவிடுவார்கள் என்று. நீ சாப்பிட உட்கார்ந்தபோதெல்லாம் தட்டை நான் பார்த்தேன். பசி ஆறியதா என்று ஒரு தடவையும் கேட்டதில்லை. பஸ் ஸ்டாண்டில் முக்காட்டை இழுத்ததும் காற்றுக்காக இல்லை. ஊரார் சரியாகத்தான் சொன்னார்கள்.

கிருஷ்ணன்கோவிலில் சொன்னதை ராஜபாளையத்திலும் சொல்வேன். உன் வீடியோவில் நின்று சொல்ல வேண்டும் என்றால் அதற்கும் வருகிறேன். அது உனக்கு நல்லதா, இன்னும் கெடுதலா என்று எனக்குத் தெரியவில்லை. உனக்கு எது நல்லது என்று உன்னைக் கேட்காமல் முடிவுசெய்வதை இத்தோடு விட்டுவிடுகிறேன்.

நோன்புக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அதற்கு முன் ஒருநாள் நான் உன் வீட்டுக்கு வரலாமா? யாரிடமும் சொல்லி அனுப்பாதே. வா என்றாலும் வர வேண்டாம் என்றாலும் உன் கையால் எழுது. பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

உன் மாமி
மைமூன்